டெங்குக்கு வருகிறவர்கள் விபத்துக்கும் வர வேண்டும்

கொழும்பு மாநகர எல்லைக்குள் வசிக்கும் ஒருவருக்கு டெங்கு என்று வைத்தியசாலையில் சந்தேகம் எழுந்தால், அவர் சேலைன் ஏற்றப்பட்டுக் கட்டிலில் படுத்திருக்கும்போதே அவருடைய முகவரி எழுதிய அறிவித்தல் படிவம் ஒன்று சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்குப் புறப்பட்டுவிடும். 544 என்று இலக்கத்தைச் சொல்லியே நாங்கள் அழைக்கும் அந்தப் படிவம் கையில் கிடைத்ததும், அப்பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டைத் தேடிப் போவார். நோயாளி எங்கே வேலை செய்கிறார், எந்தப் பாடசாலைக்குப் போகிறார், அண்மையில் எங்கே தங்கினார் என்று கேட்பார். கூரைப் பீலியில் இலை அடைத்திருக்கிறதா, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில் நீர் தேங்கியிருக்கிறதா, பக்கத்து வளவில் பழைய டயர் கிடக்கிறதா என்று பார்ப்பார். நுளம்புக் குடம்பி அகப்பட்டால் வழக்கும் வரக்கூடும் என்பது உண்மைதான். என்றாலும் அந்த வருகையின் முதல் நோக்கம், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த நோய் வராமல் பார்த்துக்கொள்வதே.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல. தொற்று நோய்களை அறிவிப்பதற்கும் தடுப்பதற்குமான கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அன்றிலிருந்து படிப்படியாகக் கட்டப்பட்ட களப்பணி அமைப்பின் பலத்தினால்தான், 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து இலங்கை பெற்றுக்கொண்டது. மாநகர எல்லைக்குள் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற வகையில் இந்த அமைப்பின் மீது எனக்குப் பற்றும் பெருமிதமும் உண்டு. அதனால்தான் அது ஒரு விடயத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்னை நெடுங்காலமாக உறுத்துகிறது.

2017ஆம் ஆண்டு இந்நாட்டில் டெங்கு மிகக் கொடுமையாகப் பரவியது. 186,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இராணுவத்தினர் குப்பை அள்ளினார்கள், பாடசாலைகளில் துப்புரவு நாள்கள் நடந்தன, தினமும் செய்தி வந்தது. அவை அனைத்தும் தேவைதான். அதே 2017இல் வீதி விபத்துகளில் இறந்தவர்கள் 3,000க்கும் மேற்பட்டோர். அவர்கள் விபத்துக்குள்ளான இடங்களுக்குப் பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து எவரும் போய், அந்த இடத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை, நாளை இன்னொருவர் அதே இடத்தில் விழாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை. கேட்பதற்கான படிவமே எங்களிடம் இருக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் டெங்கு அறிவித்தல் ஒன்றுக்காகப் போயிருந்தபோது, நோயுற்ற பிள்ளையின் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் படியில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே, முறிந்த எலும்பைத் தாங்கும் இரும்புக் கம்பிகள் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கம்பி நுழையும் இடங்களில் மஞ்சள் மருந்து காய்ந்திருந்தது. ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் நாட்டாமையாக, அதாவது மூட்டை சுமக்கும் தொழிலாளியாக, வேலை செய்தவர். விடியும் முன் கைவண்டியில் மூட்டைகளை ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும்போது பின்னாலிருந்து வந்த வான் ஒன்று அடித்துவிட்டது. நான் அவருடைய வளவிலிருந்த வாளிகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி சொன்னார்: "பக்கத்து வீட்டுப் புள்ளைக்குக் காய்ச்சல்னதும் வந்துட்டீங்க ஐயா. இவரு அடிபட்டு இத்தன மாசமாச்சு, எங்க அடிபட்டாரு, எப்படி அடிபட்டாருன்னு ஒரு ஆள் வந்து கேக்கல." என் குறிப்பேட்டில் அவருக்கென்று ஒரு நிரல் கிடையாது. அந்தப் பெண்மணியின் கேள்வியைவிடச் சிறப்பாக இந்தக் கட்டுரையின் விடயத்தை என்னால் சொல்ல முடியாது.

அவருக்கு அடிபட்ட செய்தி எங்கெல்லாம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பொலிஸ் நிலையம் ஒன்றில் முறைப்பாடு பதியப்பட்டிருக்கலாம்; ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வி குற்றம் யாருடையது என்பது. சாரதி அந்த இடத்திலேயே சிறு தொகை கொடுத்துச் சமரசம் பேசிவிட்டால் அந்தப் பதிவும் இராது. அவரைக் கிடத்திய வைத்தியசாலையில் எந்த எலும்பு, எத்தனை முறிவு, என்ன சத்திரசிகிச்சை என்பதெல்லாம் துல்லியமாக எழுதப்பட்டிருக்கும், எந்தச் சந்தியில், எந்தத் திருப்பத்தில் என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிராது. அந்த வீதியைப் பராமரிக்கும் பொறியியலாளருக்கு அப்படி ஒருவர் அடிபட்டதே தெரியாது. இந்நாட்டின் அரச வைத்தியசாலைகளில் மக்கள் அனுமதிக்கப்படுவதற்கு முதன்மையான காரணமாகக் காயங்களே நெடுங்காலமாக இருந்துவருகின்றன. சுகாதார அமைச்சின் தொற்றா நோய்ப் பிரிவு காயக் கண்காணிப்பையும் தன் பொறுப்பில் வைத்திருக்கிறது. வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையோ போக்குவரத்து அமைச்சின் கீழ் வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் அறிவுள்ள, அக்கறையுள்ள மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையிலுள்ள தாள்கள் ஒரு மேசையில் சேர்வதில்லை.

வீதிக் காயத்தை நோயைப் போல ஆராய வேண்டும் என்ற எண்ணம் சுகாதாரத் துறையிலிருந்தே பிறந்தது. வில்லியம் ஹடன் என்ற அமெரிக்க மருத்துவர், நியூயோர்க் மாநில சுகாதாரத் திணைக்களத்தில் பணியாற்றியவர், 1966இல் அந்நாட்டின் வீதிப் பாதுகாப்பு நிறுவனத்தின் முதல் தலைவரானார். மலேரியாவுக்கு ஒட்டுண்ணி எப்படியோ அப்படியே காயத்துக்குக் காரணி ஆற்றல் என்பது அவருடைய அடிப்படை விளக்கம். மனித உடல் தாங்கக்கூடிய அளவை மீறிய ஆற்றல் திடீரென்று உடலுக்குள் பாய்வதுதான் காயம். அப்படிப் பார்த்தால் விபத்துக்கு முன், விபத்தின்போது, விபத்துக்குப் பின் என்ற மூன்று கட்டங்களிலும் மனிதர், வாகனம், சூழல் ஆகிய ஒவ்வொன்றிலும் எங்கே தலையிடலாம் என்று தேட முடியும். சாரதியைத் திட்டுவதோடும் பாதசாரிக்குப் புத்தி சொல்வதோடும் வேலை முடிந்துவிடுவதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாகனத்திடம் உள்ள இயக்க ஆற்றல், அதே வாகனம் 30 கிலோமீட்டரில் போகும்போது இருப்பதைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு. பாடசாலை வாசலில் வேகத்தைக் குறைக்கும் மேடு போடுவதற்கும் கூரைப் பீலியைத் துப்புரவாக்குவதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை: இரண்டும் காரணியை அது பிறக்கும் இடத்திலேயே குறைப்பவை.

அந்த ஆற்றல் எல்லார் மீதும் ஒரே அளவில் பாய்வதில்லை என்பதுதான் இதில் நீதிக்கான கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2021இல் உலகம் முழுவதும் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் இறந்தார்கள். அவர்களில் 92 வீதமானோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள், சைக்கிளில் சென்றவர்கள், இரண்டு அல்லது மூன்று சில்லு வாகனங்களில் சென்றவர்கள். நாடுகளுக்கிடையில் உள்ள இந்தப் பிளவு ஒரே நகரத்துக்குள்ளும் இருக்கிறது. வசதி படைத்தோர் வாழும் கறுவாத்தோட்டத்தின் அகலமான, மரநிழல் விழும் நடைபாதைகளில் காலையில் உடற்பயிற்சிக்காக நடக்கிறார்கள். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி, முகத்துவாரம் என்று கொழும்பு 13, 14, 15இல் பிழைப்புக்காக நடக்கிறார்கள். அங்கே நடைபாதை என்று இருப்பதில் கடைச் சாமான் பாதி, நிறுத்திய மோட்டார் சைக்கிள் மீதி. மூடியில்லாத வடிகானைத் தாண்டுவதற்காகப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தாய் வீதியில்தான் இறங்க வேண்டியிருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகளும் அந்தப் பக்கமே ஓடுகின்றன.

முறைப்பாட்டின் அடிப்படையில் வீதியைத் திருத்தும் வழக்கம் இந்தப் பிளவை இன்னும் ஆழமாக்குகிறது. எங்கிருந்து கடிதம் வருகிறதோ அங்கே மேடு போடப்படும். கடிதம் எழுதத் தெரிந்தவர்கள், எழுதினால் பதில் வரும் என்று நம்புகிறவர்கள், எந்த அலுவலகத்துக்கு எந்த மொழியில் எழுத வேண்டும் என்று அறிந்தவர்கள் வாழும் இடங்களே பயன்பெறும். சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தை வாசிக்க முடியாமலே கையொப்பமிட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடமிருந்து வீதியைப் பற்றிய முறைப்பாட்டுக் கடிதம் ஒருபோதும் வரப்போவதில்லை. காயப்பட்டவர்களின் எண்ணிக்கையை வைத்துத் திருத்தும் இடத்தைத் தெரிவு செய்தால், கடிதம் எழுதாதவரின் முறிந்த காலும் ஒரு கடிதமாகக் கணக்கில் சேரும்.

வெள்ளவத்தையில் காலி வீதியைக் கடக்கும் முதியவர்களைக் கவனித்திருப்பீர்கள். கோயிலுக்கும் சந்தைக்கும் மருந்துக் கடைக்கும் போக அந்த வீதியைத் தாண்டாமல் முடியாது. பல நாடுகளின் பொறியியல் வழிகாட்டிகள், பாதசாரி வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டு பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிடுகின்றன. இங்கிலாந்தில் 65 வயது கடந்தோரின் நடையை அளந்தபோது ஆண்களின் சராசரி 0.9 மீட்டராகவும் பெண்களின் சராசரி 0.8 மீட்டராகவும் இருந்தது. 20 மீட்டர் அகலமான வீதியை முதல் கணக்குப்படி 17 வினாடியில் கடக்கலாம், 0.8 மீட்டர் நடக்கும் அம்மாவுக்கு 25 வினாடி வேண்டும். மீதி 8 வினாடி அவர் 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறார். மூட்டுவாதக் கிளினிக்கில் அவருடைய நடையைப் பார்க்கும் வைத்தியருக்கு அவருடைய வேகம் தெரியும். விளக்கின் நேரத்தை அமைப்பவருக்கு அது தெரியாது. இவ்விருவரையும் ஒருமுறை பேச வைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

வேறு நகரங்களில் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள். வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஜொனதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர், தன்னிடம் வரும் அடிதடிக் காயங்களில் பெரும்பகுதி பொலிஸாருக்கே தெரியாது என்பதைக் கண்டார். காயப்பட்டவரின் பெயரை விட்டுவிட்டு, எந்த இடம், எந்த நேரம், எந்த ஆயுதம் என்பதை மட்டும் விபத்துப் பிரிவில் குறித்துப் பொலிஸுக்கும் நகரசபைக்கும் தொடர்ந்து கொடுக்கும் முறையை உருவாக்கினார். வன்முறைக் காயங்களுக்காக வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது, ஒப்பிடப்பட்ட மற்ற நகரங்களைவிட அங்கே சுமார் 42 வீதம் குறைந்தது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அது வன்முறையைப் பற்றியது. ஆனால் வீதிக்கும் அதே முறை செல்லும் என்பதை சான் பிரான்சிஸ்கோ காட்டியது. அங்கே நகரின் சுகாதாரத் திணைக்களமே வைத்தியசாலைப் பதிவுகளையும் பொலிஸ் பதிவுகளையும் இணைத்து வரைபடம் வரைந்தது. நகர வீதிகளில் ஏறக்குறைய 13 வீதத்தில்தான் கடுமையான காயங்களிலும் மரணங்களிலும் சுமார் முக்கால் பங்கு நிகழ்கின்றன என்பதும், அந்த வீதிகள் வறிய சமூகங்கள் வாழும் பகுதிகளில் செறிந்திருக்கின்றன என்பதும் அந்த வரைபடத்தால் வெளிச்சத்துக்கு வந்தன. வீதித் திணைக்களம் முதலில் எங்கே போக வேண்டும் என்பதைச் சுகாதாரத் திணைக்களம் சொன்னது. லண்டனில் வேகத்தை மணிக்கு 20 மைலாக, அதாவது ஏறக்குறைய 32 கிலோமீட்டராக, கட்டுப்படுத்திய வலயங்களில் காயங்கள் சுமார் 42 வீதம் குறைந்ததை 2009இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

இவற்றைச் சொல்லும்போது வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்கிவிடுவார்கள். நம்மிடமே இதைவிட நெருக்கமான முன்னுதாரணம் உண்டு. இலங்கையில் பிரசவத்தோடு தொடர்பாக ஒரு தாய் இறந்தால் அந்த மரணம் அறிவிக்கப்பட வேண்டும். வைத்தியசாலை, களம் இரண்டிலும் அது ஆராயப்படும். குடும்ப சுகாதாரப் பணியகம் அதைத் தேசிய மட்டத்தில் மீளாய்வு செய்யும். குடும்ப சுகாதார மருத்துவ மாது முதல் நிபுணத்துவ வைத்தியர் வரை ஒரே அறையில் இருந்து, எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது, அம்புலன்ஸ் எப்போது வந்தது, இரத்தம் கிடைத்ததா என்று பேசுவார்கள். யாரைத் தண்டிப்பது என்பதற்காக அந்தக் கூட்டம் கூட்டப்படுவதில்லை. தாய் மரணத்தைக் குறைப்பதில் நம் நாடு தென்னாசியாவில் முன்னணியில் நிற்பதற்கு இந்த ஒழுக்கமும் ஒரு காரணம் என்பது என் உறுதியான நம்பிக்கை. ஒரு தாயின் மரணத்துக்கு இவ்வளவு மரியாதை செய்யத் தெரிந்த சுகாதாரத் துறை, அந்தத் தாய் பாதசாரிக் கடவையில் பஸ் மோதி இறந்தால் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்?

கொழும்பில் இதைத் தொடங்குவதற்கு பல ஊர்களில் இல்லாத ஒரு வசதியும் இருக்கிறது. மாநகர சபைக்குச் சொந்தமாகவே பொதுச் சுகாதாரத் திணைக்களம் உண்டு. உள்வீதிகளையும் நடைபாதைகளையும் வடிகான்களையும் பார்க்கும் பொறியியல் பிரிவும் அதே சபையின் கீழ்தான் இயங்குகிறது. காலி வீதி போன்ற ஏ வகுப்புப் பாதைகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருப்பதால் அவர்களையும், போக்குவரத்துப் பொலிஸாரையும் அழைக்க வேண்டியிருக்கும். இதற்குப் புதிய அமைச்சோ புதிய சட்டமோ தேவை என்று நான் நினைக்கவில்லை. விபத்துப் பிரிவில் தாதி ஒருவர், காயப்பட்டவரை அனுமதிக்கும்போது சில கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, நடந்தா, எதில் ஏறியா, எதனோடு மோதி, வயது என்ன. பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் சுவ செரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கியதிலிருந்து, எந்த இடத்திலிருந்து அழைப்பு வந்தது என்பது அவர்களிடமும் பதிவாகிறது. விபத்து அழைப்புகளின் இடங்களை மட்டும் பிரித்து எடுத்தாலே வரைபடத்தின் முதல் வடிவம் கிடைத்துவிடும்.

தாள் சேர்ந்தபின் நடக்க வேண்டியது களப்பணி. புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும் இடத்துக்குப் பரிசோதகரும் பொறியியலாளரும் சேர்ந்தே போக வேண்டும், அதுவும் காயங்கள் நிகழ்ந்த அதே மணிக்கு. நாட்டாமைகள் வண்டி தள்ளும் வேளையைக் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்து அறிய முடியாது. புறக்கோட்டையில் விடியும் முன் நின்றால்தான் எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, இறக்குவதற்காக நிறுத்திய லொறி எப்படி முழு ஓரத்தையும் அடைத்துக் கைவண்டியை நடுவீதிக்குத் தள்ளுகிறது, பஸ் எந்த வளைவில் வேகமெடுக்கிறது என்பதெல்லாம் தெரியும். அங்கே நிற்கும் தேநீர்க் கடைக்காரரிடமும் நாட்டாமைகளிடமும் கேட்டால், வரைபடம் காட்டாததையும் சொல்வார்கள். கண்டதற்கு ஏற்ப விளக்கு, உயர்த்திய கடவை, இறக்கும் நேரக் கட்டுப்பாடு, பஸ் தரிப்பிடத்தைச் சில மீட்டர் நகர்த்துதல் என்று ஏதேனும் செய்துவிட்டு, அதன்பின் அதே இடத்திலிருந்து வைத்தியசாலைக்கு வரும் காயங்கள் குறைகின்றனவா என்று அதே தாளில் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் சுகாதாரத் துறை செய்தால்தான், போட்ட மேடு பயனுள்ளதா, வெறும் சீமெந்துச் செலவா என்பது தெரியவரும்.

தனியார் பஸ்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் மக்கள் பஸ் சாரதியையும் நடத்துநரையும் வசைபாடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அன்றைய வசூலிலிருந்து உரிமையாளருக்கு ஒரு தொகையைக் கட்டாயம் கொடுத்துவிட்டு மிஞ்சுவதை இருவரும் பிரித்துக்கொள்ளும் முறை நிலவும்வரை, முன்னால் போகும் பஸ்ஸை முந்தாவிட்டால் அவர்களுக்குச் சோறு குறையும். அதிகாலையிலிருந்து இரவு வரை ஓட்டும் சாரதியின் தூக்கமும், கழிப்பறை வசதியும், இரத்த அழுத்தமும் தொழில்சார் சுகாதாரப் பிரச்சினைகள். தொழிற்சாலைக்குள் நிகழ்ந்திருந்தால் நாங்கள் பரிசோதிக்கப் போயிருப்போம். மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை, வழித்தட அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது நிலையான சம்பளத்தையும் வேலை நேரத்தையும் நிபந்தனையாக்கலாம். பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோகும் வான் சாரதிகளுக்கும் இதே பார்வை வேண்டும்.

இந்த யோசனையைச் சொல்லும்போது எனக்குக் கிடைத்த எதிர்ப்புகளில் மிகவும் நியாயமானது வைத்தியசாலையிலிருந்தே வந்தது. விபத்துப் பிரிவில் இரவுக் கடமையிலுள்ள தாதிக்கு மூச்சுவிட நேரமில்லை. அவர் மீது இன்னொரு படிவத்தைச் சுமத்துவது கொடுமை. அதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆகவே அந்தச் சில கேள்விகளை ஏற்கெனவே நிரப்பும் அனுமதிப் பதிவிலேயே அச்சிட வேண்டும். விடுபட்டவற்றை மறுநாள் விடுதியில் நோயாளியிடமே கேட்டு எழுத, அவருடைய மொழி தெரிந்த ஒருவரை மாநகர சபை அனுப்ப வேண்டும். சட்டச் சிக்கல் வரும் என்று பொலிஸ் தரப்பு அஞ்சுகிறது. பெயரும் வாகன இலக்கமும் இல்லாத தாளை வைத்து எந்த வழக்கும் தொடர முடியாது, எந்த வழக்கும் கெடாது. பணமில்லை என்பதற்கான பதிலும் தாளிலேயே இருக்கிறது: இருக்கும் பணத்தை முதலில் எங்கே செலவழிப்பது என்பதைச் சொல்லவே அது வேண்டும்.

முழு நகரத்துக்கும் ஒரே நாளில் இதைச் செய்ய வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, கிராண்ட்பாஸ் பகுதிகளை எடுத்துக்கொள்ளலாம். சுகாதார வைத்திய அதிகாரி தலைமை தாங்க, மாநகரப் பொறியியலாளர், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பிரதிநிதி, போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரி, விபத்துப் பிரிவின் தாதி, பஸ் நேரக் கணிப்பாளர் ஆகியோர் மாதம் ஒருமுறை கூட வேண்டும். அவர்களோடு, நாட்டாமைகள் தாங்களே தெரிவு செய்யும் ஒருவரும், பாடசாலைக்குப் பிள்ளையை நடத்திக்கொண்டு போகும் தாய்மார் இருவரும் சமமான உறுப்பினர்களாக இருக்க வேண்டும். கூட்டம் தமிழிலும் சிங்களத்திலும் நடக்க வேண்டும். வேலையை விட்டு வருகிறவருக்கு அன்றைய கூலி கொடுக்கப்பட வேண்டும். முதல் கூட்டத்துக்குக் கடந்த மாதம் காயப்பட்டவர்களின் இடங்கள் குறித்த வரைபடம் ஒன்றும், அந்த இடங்களில் எதைத் திருத்தலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரமுள்ள அதிகாரி ஒருவரும் வந்தால் போதும்.